செவ்வாய்க்கு மூன்று நிமிஷம்

எங்காத்துக்காரருக்குப் பொய் சொல்ல வராது. இதை ஒரு பெரிய குணம் என்று ஊரெல்லாம் மெச்சிக்கொள்கிறது. கூடக் குடித்தனம் பண்ணிப் பார்த்தால் தெரியும் அதன் லட்சணம். கல்யாணமான புதிதில், என் அப்பா ஆசையாக வாங்கிக் கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்று, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நிறம் உனக்கு எடுக்கவில்லை என்றார். அப்படி ஒரு சத்தியசந்தர். ஸ்ரீரங்கத்தில் ஹைஸ்கூல் வாத்தியார். பையன்களுக்கு சயன்ஸ் சொல்லிக்கொடுக்கிறார். அவர் பெயரை நான் சொல்லக்கூடாது. பின்னால் ரேடியோக்காரன் சொல்லுவான், அப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

முப்பத்தொன்பதாம் வருஷம். திருச்சியில் ரேடியோ ஸ்டேஷன் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அந்த ஆடி மாசம் செவ்வாய்க் கிரகம் பூமிக்கு ரொம்பக் கிட்டத்தில் வருகிறது, பதினைந்து வருஷமாக இவ்வளவு கிட்டத்தில் வந்ததில்லை என்று பேப்பரில் எல்லாம் போட்டிருந்தான். ‘செவ்வாயில் மனிதர்கள் உண்டா?’ என்று கால் மணி நேரம் பேசச் சொல்லி இவரைக் கூப்பிட்டிருந்தார்கள். தெருவே கொண்டாடியது. நான் மட்டும் கொண்டாடவில்லை. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். யாரும் இல்லை என்று சொல்லப்போகிறார். அதை அவர் வாயால் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

எங்களுக்கு ஒரு பெண் இருந்தாள். வைஜயந்தி. நாலு வயசில் விஷக்காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு மூன்று ஆடி வந்து போயிருந்தது. வேறு குழந்தை எங்களுக்கு இல்லை.

பெரியவர்கள் போனால் அழுவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. பத்து நாள் காரியம், பதின்மூன்றாம் நாள் சுபம், வருஷா வருஷம் திதி. அன்றைக்கு மடியாகத் தளிகை பண்ணி, வந்தவர்களுக்கு இலை போட்டு, அந்த மனுஷரை நினைத்துக்கொள்ளலாம். யாரும் தப்பு சொல்லமாட்டார்கள். குழந்தைக்கு அதெல்லாம் கிடையாது. நாலைந்து நாள் தீட்டு, தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டால் முடிந்தது. திதி இல்லை, தர்ப்பணம் இல்லை, பஞ்சாங்கத்தில் அவளுக்கென்று ஒரு நாள் இல்லை. பெற்றவள் எந்த நாளில் நினைப்பாள் என்று சாஸ்திரம் எழுதினவர்கள் யோசிக்கவே இல்லை. புருஷர்கள்தானே எழுதினார்கள்.

எங்கள் ஆசார்யரிடம் போய்க் கேட்டேன். அவளுக்கு இன்னும் சமாச்ரயணம்கூட ஆகவில்லையே, தோளில் சங்கு சக்கரம் ஒற்றிக்கொள்ளாத குழந்தை எங்கே போகும் என்று. அவர் நல்லவர். திரைக்கு அப்பால் நின்றபடி கேட்ட எனக்கு நிதானமாகப் பதில் சொன்னார். வைஷ்ணவன் வீட்டு நாய்க்கும் பூனைக்கும்கூட மோட்சம் உண்டு, உன் வயிற்றில் பிறந்தது போகாதா, பரமபதத்தில் பெருமாள் திருவடியில் இருக்கிறாள், இனி அவளுக்குப் பிறவியே இல்லை, சந்தோஷமாக இரு என்றார். சேவித்துவிட்டு வந்தேன். சந்தோஷம் வரவில்லை.

அங்கே எல்லாரும் நித்திய இளமையோடு இருப்பார்களாம். பசி கிடையாது, தூக்கம் கிடையாது, மூப்பு கிடையாது. எனக்கு அது பிடிக்கவில்லை. வாயை அலம்பிக்கொண்டுதான் சொல்கிறேன், பிடிக்கவில்லை. வைஜுவுக்கு அப்போது ஏழு வயசு. முன்பல் ஆடுகிற வயசு. விழுந்த பல்லைச் சாணியில் வைத்துக் கூரைமேல் எறிய வேண்டும். வைகுண்டத்தில் யாருக்குப் பல் விழும்? பல் விழுந்து முளைக்கிற ஊர் ஏதாவது ஒன்றில், சண்டை போட்டுக்கொண்டு, பாவாடையில் சேறு அப்பிக்கொண்டு அவள் இருக்க வேண்டும். எனக்கு அது போதும். யாருக்காவது பெண்ணாக இருந்துவிட்டுப் போகட்டும், நான் பொறாமைப்படமாட்டேன். கொஞ்சம் படுவேன்.

அப்படி இருந்தபோதுதான் ஆனி கடைசியில் ஒரு நாள் அவர் மாடிக்குக் கூப்பிட்டார். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. வெள்ளைக் கோபுரத்துக்கு வலப்பக்கமாக, தென்னை மரங்களுக்கு மேலே, கங்கு மாதிரி ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. அதுதான் செவ்வாய் என்றார். அங்கேயும் பகல், ராத்திரி உண்டாம். அங்கேயும் துருவத்தில் பனி பெய்து, வெயில் காலத்தில் உருகுமாம். அங்கே ஒரு வருஷம் என்பது நமக்குக் கிட்டத்தட்ட இரண்டு வருஷம். யாரோ ஒரு அமெரிக்காக்காரர் பெரிய தூரதிருஷ்டிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, அங்கே ஜனங்கள் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுபோகிறார்கள் என்றுகூட எழுதியிருக்கிறாராம்.

அதற்கப்புறம் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. வாய்க்கால் என்ற சொல் ஒன்று போதுமாக இருந்தது. காவேரிக்கரைக்காரிக்கு வாய்க்கால் என்றால் என்ன என்று தெரியாதா? வாய்க்கால் இருந்தால் வயல் இருக்கும், வயல் இருந்தால் வீடு இருக்கும், வீடு இருந்தால் குழந்தை இருக்கும். அதோடு இன்னொன்று. வைஜு ஜாதகத்தில் ஏழாம் இடத்தில் செவ்வாய். கல்யாணம் தள்ளிப்போகும், பார்த்துச் செய்யுங்கள் என்று ஜோசியர் அப்போதே சொல்லியிருந்தார். எல்லாரும் அதைத் தோஷம் என்றார்கள். எனக்கு அன்றைக்கு மாடியில் நின்றபோது அது விலாசம் மாதிரி தோன்றியது. அந்த வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். அங்கே வருஷம் மெல்லத்தான் போகும். அவள் அவ்வளவாக வளர்ந்திருக்கமாட்டாள். நான் பார்க்காமல் விட்டது கொஞ்சம்தான் என்று ஒரு கணக்கு வேறு.

பைத்தியம் என்பீர்கள். இருக்கட்டும். தினம் விளக்கு வைத்தபின் மாடிக்குப் போனேன். எதிராத்து ரங்கம்மா, செவ்வாய் இவ்வளவு கிட்ட வந்தால் யுத்தம் வரும், அதைப் போய்ப் பார்ப்பாளோ ஒருத்தி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளுக்கென்ன, அவள் பெண்கள் மூன்றும் கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருந்தன. அந்த இரண்டு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கியது. மூன்று வருஷத்துக்குப் பிறகு தலையில் பூ வைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரேடியோ கூப்பிட்டது. அவர் பேச்சை எழுதி முடித்து, வழக்கம்போல் எனக்குப் படித்துக் காட்டினார். வாய்க்கால் என்பது வெறும் கண்மயக்கு. காற்று மெலிசு. ராத்திரிக் குளிரில் ரத்தம் உறைந்துவிடும். பாசி மாதிரி ஏதாவது முளைத்திருக்கலாம், அதற்கு மேல் இல்லை. அதோடு விட்டாரா? சூரியனுக்குப் பக்கத்தில் எப்போதோ வேறொரு நட்சத்திரம் உரசுகிற மாதிரி போனதால்தான் பூமி முதலான கிரகங்கள் உண்டாயின என்று இங்கிலாந்துப் பண்டிதர்கள் சொல்கிறார்களாம். அப்படிப்பட்ட உரசல் கோடியில் ஒன்று நடந்தால் அதிகமாம். அதனால் மற்ற நட்சத்திரங்களைச் சுற்றிக் கிரகமே இருக்காது, இருந்தாலும் உயிர் இருக்காது, இந்தப் பிரபஞ்சம் அநேகமாகக் காலி என்று முடித்திருந்தார்.



“பெருமாள் இத்தனை அண்டத்தைப் பண்ணிட்டு ஒரே ஒரு இடத்துல ஆளை வெச்சாராக்கும்? ஆயிரம் பேருக்குத் தளிகை பண்ணிட்டு யாராவது ஒத்தை இலை போடுவாளா?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கண்டவரைக்கும் உள்ளதைத்தானே சொல்ல முடியும் என்றார்.

“நீங்க கண்டேளா? இல்லேன்னு போய்ப் பாத்துட்டு வந்தேளா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அப்போதுதான் நான் எல்லாவற்றையும் கொட்டினேன். எதற்காக மாடிக்குப் போகிறேன், எதற்காகப் பூ வைத்துக்கொள்கிறேன், எல்லாம். ‘யாரும் இல்லை’ என்கிற அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள், உண்டு என்று பொய் சொல்ல வேண்டாம், இல்லை என்று சொல்லாமல் இருந்தால் போதும் என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சுகிற ஜாதி இல்லை.

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எப்படிப் பேச முடியும், வேதா என்றார். பேச்சை எழுதிக்கொடுத்து ரேடியோ ஆபீசில் ஒப்புதலும் வாங்கியாயிற்றாம். கல் என்று நினைத்துக்கொண்டேன். குழந்தையைக் கொண்டுபோன அன்றைக்கும் இந்த மனுஷர் அழவில்லை; மறுநாளே நோட்டுத் திருத்தினார். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. மூன்று நாள் அவரோடு பேசவில்லை. இலையைப் போட்டுப் பரிமாறிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன்.

பேச்சு ஆடிச் செவ்வாயில் வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமையில் செவ்வாயைப் பற்றிப் பேச்சு. ஸ்டேஷனில் யாரோ ஒருவருக்குத் தன் சாமர்த்தியத்தில் ரொம்பப் பெருமை இருந்திருக்க வேண்டும். சாயங்காலம் அவர் பஞ்சகச்சத்துக்கு மேல் கோட்டும் தலைப்பாகையுமாக பஸ் ஏறிப் போனார். கோட்டைப் போட்டுக்கொள்ளும்போது பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். நான் பார்த்தும் சொல்லவில்லை.

எங்கள் தெருப்பக்கம் ரேடியோ இருந்தது கிழக்குச் சித்திரை வீதி வக்கீல் யதிராஜன் ஆத்தில்தான். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ரங்கம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கூடத்தில் பெண்டுகள் ஒரு பக்கம், புருஷர்கள் ஒரு பக்கம். வக்கீல் ரேடியோவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, தானே பேசப்போகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். யாரோ ஒருத்தி வீணை வாசித்து முடித்தாள். பிறகு ரேடியோக்காரன், அடுத்து ஸ்ரீரங்கம் சௌரிராஜன் பேசுவார் என்றான். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவர் குரல்தான். ஆனால் பெட்டிக்குள்ளிருந்து வந்ததால் யாரோ அந்நியர் மாதிரி இருந்தது. எழுதினதை அப்படியே படித்தார். பனி, காற்று, குளிர், பாசி. வாய்க்கால் கண்மயக்கு என்றார். மனிதர்கள் இல்லை என்றும் சொல்லிவிட்டார். நான் நினைத்த மாதிரி உயிர் போய்விடவில்லை. மாடிப்படி இனிமேல் எதற்கு என்று நினைத்தேன். பூவை எடுத்துவிடலாம் என்று கை கொண்டைக்குப் போனது.

அப்போது பேச்சு வேறு தடத்தில் போயிற்று. அது எழுதினதில் இல்லை. எனக்குத் தெரியும், நான் முழுக்கக் கேட்டவள்.

“இல்லை என்று போய்ப் பார்த்தீர்களா என்று ஒருவர் என்னைக் கேட்டார். பார்க்கவில்லை. மூன்றரைக் கோடி மைலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன். அவ்வளவு தூரத்தையும் ரேடியோ அலை மூன்று நிமிஷத்தில் கடந்துவிடும். உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு தகப்பனார் இங்கே, இந்தக் கருவிக்கு முன்னால் உட்கார்ந்து தன் குழந்தையைக் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைஜு, என்று கூப்பிடுகிறார். வைஜும்மா. இப்போது கிளம்பிவிட்டது. மூன்று நிமிஷத்தில்…”

அதோடு நின்றுவிட்டது.

அவள் போன நாளிலிருந்து அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. எங்கள் ஆத்தில் யாருமே சொன்னதில்லை. சொன்னால் நான் அழுவேன் என்று சொல்லாமல் விட்டார்கள். வைஜும்மா என்று நீட்டிக் கூப்பிடுவது அவர் மட்டும்தான். ஸ்கூலிலிருந்து வந்ததும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்படித்தான் கூப்பிடுவார். கொல்லைப்பக்கத்திலிருந்து அது ஓடிவரும்.

ரேடியோவில் சத்தமே இல்லை. கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. பெட்டிக்குள் யாரோ மூச்சு விடுகிறது மட்டும் கேட்டது, எனக்குக் கேட்டது. வக்கீல், லைன் போயிடுத்து போலிருக்கே என்று சொல்லிக்கொண்டு குமிழைத் திருகினார். கீச்சுக் கீச்சென்று விசில் சத்தம், ஏதோ சிலோன் பாட்டு, மறுபடி விசில். அந்தக் கையைப் பிடித்து முறித்துவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் தட்டுத்தடுமாறித் திருச்சியைப் பிடிப்பதற்குள், ரேடியோக்காரன் நன்றி சொல்லிக்கொண்டிருந்தான்.

ரங்கம்மா என் முழங்கையைத் தொட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. இத்தனை நாள் அவளை வைததற்கெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவள் ஏதாவது பேசுவதற்குள் எழுந்து வெளியே வந்துவிட்டேன். நேராக ஆத்துக்குப் போகவில்லை. தெற்கே மொட்டைக் கோபுரத்துக்கு நடந்தேன். திருச்சி பஸ் அங்கேதான் நிற்கும். சுமங்கலிப் பெண் ஒருத்தி விளக்கு வைத்த வேளைக்கு பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்பதை ஸ்ரீரங்கம் அதுவரைக்கும் பார்த்திருக்காது. பார்க்கட்டும் என்று நின்றேன். ஆடிக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. வானத்தில் பாதிச் சந்திரன் இருந்தது, கிழக்கே செவ்வாயும் ஏறியிருந்தது. நான் அண்ணாந்து பார்க்கவில்லை.

இரண்டாவது பஸ்ஸில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்துத் திகைத்துப்போனார். தலைப்பாகை கையில் இருந்தது. கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

இரண்டு பேரும் நடந்தோம். வழக்கமாக அவர் முன்னால் போவார், நான் நாலடி தள்ளிப் போவேன். அன்றைக்கு அவர் எனக்காக நின்று நின்று நடந்தார். அடுத்த கோபுரவாசலைத் தாண்டினபோது நான் கேட்டேன்.

“கூப்பிட்டேளே, அது அங்க போய்ச் சேர்ந்திருக்குமா?”

இந்த ஒரு தடவையாவது ஆமாம் என்று சொல்லக்கூடாதா? அவர் நின்றார்.

“போயிருக்காது, வேதா. பேச்சுல தப்பாச் சொல்லிட்டேன். நம்ம ஸ்டேஷன் அலைக்கு அவ்வளவு தூரம் போக முடியாது. உசரத்துல காத்துக்கு மேல ஒரு அடுக்கு இருக்கு. அதுல பட்டுத் திரும்பி, பூமியிலேயே விழுந்துடும்.”

“தெரிஞ்சேதான் சொன்னேளா?”

“தெரிஞ்சேதான்.” மறுபடி நடக்கத் தொடங்கி, “கூப்பிடாம இருக்க முடியலை” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுத்தெருவில், பூக்கடைக்காரன் பார்க்கப் பார்க்க அழுதேன். இந்த மனுஷரைக் கல் என்று நினைத்தேனே. என்னோடு ஒரே கூரைக்குக் கீழே மூன்று வருஷம் இவரும் அதையேதான் விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். நானாவது மாடிக்குப் போய்ப் பார்க்க ஒரு வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டேன். எங்கேயும் யாரும் இல்லை என்று கணக்குப் போட்டு வைத்திருந்தவருக்கு அதுவும் இல்லை. அந்த வானம் முழுக்கத் தேடினாலும் அவளைத் தெரிந்தவர்கள் என்று நாங்கள் இரண்டு பேர்தான், எங்களுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் பேசாமல் இருந்துவிட்டோம். அதை நினைத்தபோது எனக்குப் பயமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உதறவில்லை.

சித்திரை வீதி திரும்பினதும் அவர் தயங்கினார். வக்கீலாத்துக் கூட்டம் இன்னும் கலையாமல் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தது.

“நாளைக்கு ஸ்கூல்ல எல்லாரும் கேப்பா, வைஜு யாருன்னு” என்றார்.

“சொல்லுங்கோ.”

“என்னன்னு சொல்றது?”

“நம்ம பொண்ணுன்னு சொல்லுங்கோ” என்றேன்.